யாரும் திரும்பாத பக்கம்

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில். வேலை கிடைத்தது தி. நகரில். நடுவில் தண்டவாளங்களும் அவற்றுக்கு மேலே ஒரு நடைமேம்பாலமும். முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பாலத்தைக் கடந்தேன். கடந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் விட்டது.

கடையின் பெயர் வேண்டாம். ஐந்து மாடி ஜவுளிக்கடை. இரண்டு பழைய கட்டடங்களின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியது. அதனால் தூண்கள் வரக் கூடாத இடங்களில் வந்திருந்தன. உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை, அட்டைப்பெட்டி வாசனை, யாரோ தலையில் வைத்திருந்த மல்லிகை. ஜன்னல் கிடையாது. கடிகாரம் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

லிஃப்டை இயக்கிக்கொண்டிருந்தவர் பெயர் லாரன்ஸ். ஐம்பது வயது இருக்கும். எந்த செக்‌ஷன் என்று கேட்டார். எனக்குப் புதியவர்களிடம் குரல் எழும்பாது. வாடிக்கையாளர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்க்கும் வேலை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"பாக்குறதுக்கு சம்பளமா?" என்றார் லாரன்ஸ். "நான் இருவது வருசமா சும்மாவே பாத்துக்கினு கீறேன்மா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

பௌதிகத்தில் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். இரண்டு நேர்முகத் தேர்வுகளில் முகத்தை நிமிர்த்திப் பேச வராததால் வேலை போனது. கல்லூரிக் கண்காட்சியில் நான் செய்த ஒரு சின்ன ஆய்வைப் பற்றி என் வகுப்புத் தோழி தன் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். இருபது சுவரொட்டிகளில் எதன் முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணியிருந்தேன். நல்ல சுவரொட்டி, மோசமான சுவரொட்டி என்ற வித்தியாசமே இல்லை. நடைபாதை திரும்பும் இடத்தில் நேர் எதிரே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். வாசலை ஒட்டி இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தோழியின் அண்ணன்தான் பாலகணேஷ். கடை அவர்களுடையது. அவர்களுடைய அப்பா தெற்கே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது.

"என்ன வாங்குறாங்கன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் பாலகணேஷ். "எதைப் பார்த்துட்டு வாங்காமப் போறாங்கன்னுதான் தெரியாது. அதை நீங்க சொல்லுங்க தூபா."

மூன்றாம் தளத்தில் வலது பக்க மூலை ஒன்று, அங்கே எந்தத் துணியை வைத்தாலும் போவதில்லை. தீபாவளிக்குள் அந்த மூலைக்கு மக்களை வரவைக்க வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஒரு மாதத்தோடு சரி. அதிகம் பேச வேண்டியதில்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு வேலை இருக்குமானால் அது இதுதான்.

*

மூன்றாம் தளம் பருத்திச் சேலைகளும் சுடிதார் துணிகளும். எஸ்கலேட்டரில் ஏறி வருபவர்கள் முதல் நான்கைந்து அடிகளில் எதையும் பார்ப்பதில்லை. கால் தரையில் நிலைக்கும்வரை கண் வேலை செய்யாது. அதன் பிறகு தலை திரும்பும். இந்த ஊரில் எல்லோரும் இடது பக்கம் நடந்து பழகியவர்கள், அதனால் பெரும்பாலும் இடது பக்கம். வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே. கண்ணாடி எங்கேயோ அங்கே. புருவத்துக்கு மேலே தொங்குவதை யாரும் பார்ப்பதில்லை.

நான் நிற்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. எல்லோரையும் பார்க்க முடிய வேண்டும், என்னை யாரும் பார்க்கக் கூடாது. உடை மாற்றும் அறையின் திரைக்குப் பக்கத்தில், ஒரு தூணை ஒட்டி, அப்படி ஓர் இடம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கே போனாலும் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

கையில் எண்ணும் கருவி. பேருந்தில் பயணிகளை எண்ணுபவர்கள் வைத்திருப்பார்களே, கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும், அது. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. வலது கை, மேலே வந்தவர்கள். இடது கை, அந்த மூலையின் பக்கம் தலையைத் திருப்பியவர்கள்.

மூலை எனக்கு நேர் எதிரே, இருபதடிக்கு மேல் தள்ளி இருந்தது. கண்ணாடி ஒட்டிய ஒரு பெரிய தூண். அதன் பின்னால் எட்டடி இடம். ஒரு மேசை, அதன் பின்னால் சேலை அடுக்கிய தட்டுகள், ஓரமாகச் சரக்கு அறைக்குப் போகும் கதவு. மேலே விளக்கு இல்லை.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன்.

வலது கையில் நானூற்று இரண்டு.

இடது கையில் பூஜ்யம்.

கருவி கெட்டுவிட்டதோ என்று அழுத்திப் பார்த்தேன். வேலை செய்தது. மறுநாள் எண்ணினேன். அதற்கு அடுத்த நாளும். பூஜ்யம், பூஜ்யம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மனிதர்களை எண்ணும்போது பூஜ்யம் வராது. எவ்வளவு மோசமான இடமாக இருந்தாலும் நூறில் மூன்று பேராவது தப்பாகத் திரும்புவார்கள். கழுத்து வலிக்காரர், தும்முகிறவர், அம்மாவைத் தொலைத்த குழந்தை. ஒரு குழந்தைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு சின்னப் பையன் ஓடிவந்து அந்தத் தூணைச் சுற்றினான். சுற்றி மறுபக்கம் வரும்போது அவன் முகம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

நான் மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுதான் என் வேலை. என்னை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

*

தளத்துக்குப் பொறுப்பு சண்முகவடிவு அக்கா. நாற்பத்தைந்து வயது. சங்கரன்கோவில் பக்கம். வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. விற்பனைப் பெண்கள் முப்பது பேர், எல்லோருக்கும் மெரூன் நிறச் சீருடைச் சேலை, மஞ்சள் கரை. அத்தனை பேரும் அக்கா சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் உட்காருவதை நான் பார்த்ததே இல்லை. உட்கார வசதி தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார்களாம். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் துணிக்கட்டு இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மூலையை அளக்கப் போனேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. அங்கேயும் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஜாக்கெட் துணிக்கட்டு. குனிந்து டேப்பை நீட்டியபோது தைல வாசனை வந்தது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நெற்றியில் தேய்த்துக்கொள்வோமே, அந்த நெடி. புதிதாகத் தேய்த்தது போல. கண் கரித்தது.

"அங்கன நிக்காத புள்ள," என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

வடிவக்கா. மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்து மேசையில் ஏற்கெனவே மடித்திருந்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

யாருக்காவது காய்ச்சலா அக்கா, தைல வாசனை வருகிறது என்றேன்.

அவர் கை நின்றது. பிறகு அந்தச் சேலையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அலுவலகக் கணினியில் தளத்தின் பழைய வரைபடங்களைத் தேடினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒன்று கிடைத்தது. அடையாறிலிருந்து யாரோ ஒரு வடிவமைப்பாளர் வரைந்தது. சரக்கு அறைக் கதவும் அங்கே குவிகிற அட்டைப்பெட்டிகளும் வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் விளக்கை எடுத்துவிட்டார். தூணில் கண்ணாடியை ஒரு கோணத்தில் பதித்து, ஏறி வருபவர்களுக்கு அவர்கள் முகமும் இடது பக்கத்துப் பளபளப்பும் தெரியும்படி செய்திருந்தார். வரைபடத்தில் எல்லா அம்புக்குறிகளும் மூலையிலிருந்து விலகிப் போயின.

நல்ல வேலை. ஆனால் எவ்வளவு நல்ல வேலையும் பூஜ்யத்தைத் தராது.

*

சனிக்கிழமை காலை கடை திறக்கும் முன் நான் மாற்றினேன். தச்சரை வைத்துக் கண்ணாடியைப் பன்னிரண்டு டிகிரி திருப்பினேன். இப்போது எஸ்கலேட்டரிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் மூலை தெரியும். மேசைக்கு மேலே மஞ்சள் விளக்கு. மேசையின் வலது பக்கம் ஒரு பொம்மை, அதற்கு மிளகாய்ப்பழச் சிவப்பில் சேலை. அந்தச் சிவப்பைப் பார்க்காமல் யாரும் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன்.

வலது கையில் ஆயிரத்து முப்பத்தொன்று.

இடது கையிலும் ஆயிரத்து முப்பத்தொன்று.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாலகணேஷ் மேலே வந்து பார்த்துவிட்டுக் கைதட்டாத குறைதான். நான் இடது கைக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம் எப்படி வராதோ, அதே போல் நூற்றுக்கு நூறும் வராது.

அப்புறம் அவர்கள் முகங்களைக் கவனித்தேன்.

ஏறி வந்தார்கள். நாலு அடி வைத்தார்கள். தலை திரும்பியது. கண் ஓர் இடத்தில் நின்றது. ஏதோ கேட்க வந்தவர்கள் போல வாய் லேசாகத் திறந்தது. பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நகர்ந்தார்கள்.

யாரும் சிவப்புச் சேலையைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டடி இடது பக்கம் பார்த்தார்கள். மேசைக்கு முன்னால். வெறும் தரைக்கு மேலே.

நடுத்தர வயது அம்மாள் ஒருவர் வடிவக்காவிடம் வந்து புகார் சொன்னார். மூலையில் நிற்கிற பெண்ணை மூன்று தடவை கூப்பிட்டும் அசையவில்லையாம். உடம்பு சரியில்லாதவளை ஏன் நிற்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். வடிவக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே, பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த மூலையில் அன்று யாரையும் நிறுத்தவில்லை. எனக்குத் தெரியும். நான் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

திங்கட்கிழமை கேமராப் பதிவுகளை எடுத்தேன். மூலையில் மேசை, பொம்மை, விளக்கு. வேறொன்றும் இல்லை. ஆனால் திரும்பிய தலைகள் எல்லாம் இருந்தன.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பயத்தைச் சமாளித்தேன். தளத்தின் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். தரையில் ஒரு டைல் இரண்டடி. ஒரு டைலுக்கு ஒரு கட்டம். பதிவை நிறுத்தி நிறுத்தி, அறுபது பேர் எந்த டைலில் நின்றார்கள், முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்து, ஒவ்வொருவரின் பார்வைக்கும் ஒரு கோடு இழுத்தேன். கூட்டத்தின் பார்வை சிதறும். கோடுகள் வலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகும்.

அறுபது கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டன.

உயரமானவர்கள் குனிந்த கோணத்தையும் குழந்தைகள் நிமிர்ந்த கோணத்தையும் வைத்து உயரத்தையும் கணக்கிட முடிந்தது. நாலடி எட்டங்குலம்.

ஒரு முகத்தின் உயரம்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் அந்தப் புள்ளிக்கும் நான் நின்ற தூணுக்கும் நடுவில் பதினொரு டைல். திங்கட்கிழமை கொஞ்ச நேரம்தான் அங்கே நின்றேன், அன்றைய பதிவில் பத்து. செவ்வாய்க்கிழமை நான் தளத்துக்குப் போகவில்லை, அலுவலகத்தில் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். அன்றும் பத்து. புதன்கிழமை மறுபடி என் இடத்தில் நின்று எண்ணினேன்.

புதன்கிழமை ஆறு.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு வடிவக்காவிடம் போனேன். சரக்கு அறையில் தனியாக இருந்தார். தாளை நீட்டினேன். அவருக்குக் கோடுகள் புரிந்திருக்காது. புள்ளிக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த உயரத்தை மட்டும் விரலால் தொட்டார்.

"குள்ளம்," என்றார். "மேல் தட்டு எட்டாது அவளுக்கு."

பெயர் முத்துப்பேச்சி. சுரண்டைக்காரி. பத்தொன்பது வயது. மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். சீசனில் லீவு கிடையாது. நெற்றி முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எஸ்கலேட்டர் எதிரே நின்றால் கூட்டம் பிய்த்துவிடும், கீழே விழுந்துவிடுவாள் என்று வடிவக்காதான் அவளை அந்த மூலைக்கு அனுப்பியிருக்கிறார். கண்ணாடி மாட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்று அக்கா கவனித்து வைத்திருந்தார்.

"யாரும் பாக்க மாட்டாக, சும்மா நின்னுக்கோன்னு நாந்தான் சொன்னேன். நல்லதுன்னு நெனச்சு சொன்னேன் புள்ள."

ஸ்டூல் மேல் துணிக்கட்டு இருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்திருக்கிறாள். ஆறரை மணிக்குச் சரக்கு எடுக்கப் போனவர்தான் பார்த்தார். நடுவில் ஆறரை மணி நேரம். எட்டாயிரம் பேராவது அந்தத் தளத்துக்கு வந்து போயிருப்பார்கள். இரண்டு மணிக்குள் யாராவது ஒருவர் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம்.

"சாப்பிட்டியான்னு கேக்கக்கூட நான் திரும்பல," என்றார் வடிவக்கா. அழவில்லை. தாளை மடித்து என் கையில் திணித்தார்.

*

வியாழக்கிழமை நான் எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன். கால்கள் தாமாகப் போய் அந்தத் தூணை ஒட்டி நின்றன. அங்கே நின்றால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

பதினொன்றேகால் இருக்கும். எஸ்கலேட்டர் மக்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

ஏறி வந்தார்கள். நாலு அடி வைத்தார்கள்.

தலைகள் மூலைப் பக்கம் திரும்பவில்லை.

என் பக்கம் திரும்பின.

இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு பேர் என்னை நோக்கித் திரும்பியதில்லை. ஒரு கணம், எனக்கே வெட்கமாக இருக்கிறது, முகம் சூடானது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

என் இடது தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். தோளைவிடக் கொஞ்சம் உயரத்தில்.

தைல வாசனை வந்தது.

என் இடது கை, எண்ணும் கருவியோடு, தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் சூடு தெரிந்தது. தொடவில்லை. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

ஒரு சின்னப் பெண், அப்பாவின் தோளில் இருந்தவள், என் பக்கத்தில் இருந்த யாருக்கோ கையாட்டினாள். பதிலுக்கு யாரோ கையாட்டியது போலச் சிரித்தாள்.

திரும்பினால் போதும். கழுத்தை ஒரு நாலு அங்குலம்.

நான் திரும்பவில்லை.

எட்டாயிரம் பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன். எஸ்கலேட்டரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து, லிஃப்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். லாரன்ஸ் பொத்தானை அழுத்தவில்லை. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இன்னொருவர் ஏறுவதற்கு நேரம் கொடுத்தார். பிறகு கையை எடுத்தார்.

"அந்தப் புள்ள எப்பவும் லிஃப்டுல வராது," என்றார் கீழே வந்ததும், மெதுவாக. "ஸ்டாஃபுக்கு லிஃப்டு இல்லனு சொல்லிட்டாங்க. படிலதான் ஏறும்."

*

பாலகணேஷ் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் தளத்தில் ஆட்கள் நிற்பதில்லை, வந்த வேகத்தில் அடுத்த மாடிக்குப் போய்விடுகிறார்கள், காரணம் தெரியவில்லை என்றார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். மேசையில் இருந்த பேனாவை நேராக வைப்பதும் சாய்த்து வைப்பதுமாக இருந்தார்.

"கண்ணாடியைப் பழையபடியே வச்சிடுங்க. அந்த இடம் அப்படியே இருக்கட்டும். உங்க வேலைல குறை இல்ல, தீபாவளிக்கு அப்புறமும் நீங்க இருக்கலாம். வேலை ஆர்டர் அடிக்கச் சொல்லிடுறேன்."

மாலை ஐந்து மணிக்குத் தச்சர் வந்தார். வடிவக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் முகம் மூலையைப் பார்த்து இருந்தது. என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

"திருப்பாத புள்ள. ஒரு ஆளு பாக்கணும்னுதான் நிக்கா. மறுபடியும் யாரும் பாக்காம ஆக்கிட்டா, அவ எங்க போவா?"

வேலை எனக்கு வேண்டும். அப்பா இறந்த பிறகு வீட்டில் வருமானம் அம்மியின் ஊசி மட்டும்தான்; அம்மாவை நான் அம்மி என்றுதான் கூப்பிடுவேன். அதையெல்லாம் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை அது இல்லை. தோளுக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. அதுதான் உண்மை.

பன்னிரண்டு டிகிரி. தச்சர் நாலு திருகாணிகளை இறுக்கினார். விளக்கைக் கழற்றினார். பொம்மையை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

என் தூணுக்குப் போய்க் கால் மணி நேரம் எண்ணினேன். வலது கையில் நூற்றிருபது. இடது கையில் பூஜ்யம். என் பக்கமும் யாரும் திரும்பவில்லை. வாசனை இல்லை. சூடு இல்லை. மூலையில் வெறும் இருட்டு. நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மேம்பாலத்தில் வழக்கமான கூட்டம். மேற்குப் பக்கம் வீட்டுக்குப் போகிறவர்கள், கிழக்குப் பக்கம் கடைக்குப் போகிறவர்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். நான் பாதிப் பாலம் வந்த பிறகுதான் கவனித்தேன், என்னை யாரும் இடிக்கவில்லை. எதிரே வந்தவர்கள் எனக்கு இடது பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டு ஒதுங்கிப் போனார்கள்.

நான் வேகமாக நடந்தேன்.

எங்கள் வீடு ஒரே அறை. அம்மி ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து கடைகளுக்குச் சேலை ஃபால்ஸ் தைப்பார். ஒரு நாளைக்கு இருபது சேலை. கண்ணை எடுத்தால் தையல் கோணிவிடும். அதனால் நான் வரும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். வந்துட்டியா, சாயா போட்டு வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ என்று ஊசியிடம் சொல்வார். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

செருப்பைக் கழற்றினேன். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

அம்மி ஊசியை நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தார். வெளியாள் வந்தால் செய்வது போல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது எனக்கான சிரிப்பு இல்லை.

"இன்னா தூபா," என்றார். "கூட வந்த பொண்ண வாசல்லயே நிக்க வெச்சிருக்க? மூஞ்சியெல்லாம் வாடிப் போய்க் கீது பாரு. உக்காரச் சொல்லும்மா."

தைல வாசனை.

இப்போதும் நான் திரும்பவில்லை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் முடித்த சேலைகள் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்துப் பாயில் வைத்தேன். நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மி இன்னொரு தம்ளர் எடுக்க எழுந்தார்.

யாரோ உட்கார்ந்த பாரத்தில் நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் மெல்ல அகன்றன.